ரிசர்வ் போட்டும் வண்டி கிளம்பல. ரிசர்வ் கெட்டுப்போகுமா?

#1 புதுச்சக்கரம்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு ரெண்டு மாசம்தான் ஆகுது. என்னோடது கைமாறி வந்த பழைய 125 சிசி, கார்புரேட்டர் வண்டி. பெட்ரோல் முள் வேலை செய்யாது. "அதான் ரிசர்வ் இருக்கே, முள் எதுக்கு"ன்னு சொல்லித்தான் குடுத்தாங்க.

நேத்து ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணிக்கிட்டிருந்தேன். பாதி லாரியைத் தாண்டியிருப்பேன், வண்டி ரெண்டு தடவை குலுங்குச்சு. அப்புறம் ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க ஒண்ணுமே இல்ல. எதிர்ல கார் வருது. லாரிக்காரர் பிரேக் அடிச்சு இடம் விட்டாரு, அதனால இன்னிக்கு இதை டைப் பண்றேன். ஓரங்கட்டி, பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பி கிக்கரை உதைச்சேன். கால் வலிக்கிற வரைக்கும் உதைச்சேன். அசையல. ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே பங்க் போய்ச் சேர்ந்தேன்.

என் கேள்வி: ரிசர்வ் கெட்டுப்போயிருக்குமா? ரிசர்வ் டேங்க் எங்க இருக்கு, அதுல தனியா பெட்ரோல் ஊத்தணுமா? அதுல எவ்வளவு தூரம் போகலாம்? சிரிக்காம சொல்லுங்க.

#2 இரண்டாம்_கியர்

சிரிக்கல ப்ரோ. ஆனா பந்தயம் கட்டுறேன், ரெண்டு மாசமா நீங்க ரிசர்வ்லயேதான் ஓட்டிக்கிட்டிருந்திருக்கீங்க.

#3 எண்ணெய்க்கை

தம்பி, ரிசர்வ் டேங்க்னு தனியா ஒண்ணு கிடையாது. இருக்கிறது ஒரே டேங்க்தான். டேப்பைக் கழட்டிப் பாத்தீங்கன்னா அதுக்கு மேல ஒரு குட்டிக் குழாய் டேங்குக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும். ஆன்ல வச்சா அந்தக் குழாயோட உச்சி வழியாத்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் உச்சிக்குக் கீழ போயிட்டா குழாய்க்குள்ள காத்துதான் போகும், வண்டி இழுக்காது. ரிசர்வ்ல வச்சா அடியில இருக்கிற இன்னொரு ஓட்டை திறக்கும், தேங்கி நிக்கிற மிச்சம் அது வழியா வரும். வீட்டுத் தண்ணித் தொட்டியில ஒரு குழாயை நாலு விரக்கடை மேலயும் இன்னொண்ணை அடியிலயும் வச்சா எப்படியோ அப்படித்தான்.

இதுல நீங்க புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு. மேல் குழாய் வத்திப்போறதுதான் உங்களுக்கு மணி அடிக்கிறது. அந்த மணி ஒரு டேங்குக்கு ஒரே தடவைதான் அடிக்கும். டேப் முதல்லயே ரிசர்வ்ல இருந்தா மணி அடிக்கவே அடிக்காது, கடைசிச் சொட்டு வரைக்கும் நல்லா ஓடி அப்படியே நின்னுடும். நீங்க சொன்ன கதை அப்படித்தான் இருக்கு.

உடனே நிக்காம ரெண்டு தடவை குலுங்குனதுக்குக் காரணம் கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம். அதுக்குக் கீழ ஒரு சின்னக் கிண்ணம் இருக்கு. டேங்க்ல இருந்து வரத்து நின்னாலும் கிண்ணத்துல இருக்கிறது தீர்ற வரைக்கும் இன்ஜின் ஓடும். ரிசர்வ் போட்டதும் அந்தக் கிண்ணம் திரும்ப நிறையணும், அதுக்குச் சில விநாடி ஆகும். திருப்புன உடனே உதைச்சா கிளம்பாது.

#4 புதுச்சக்கரம்

ரொம்ப நன்றிண்ணே. தனி டேங்க்னே நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆனா நான் ஆன்லதான் வச்சிருந்தேன்னு நினைக்கிறேன். வண்டி வாங்குறப்போ லீவர் மேல பாத்து இருந்துச்சு, நல்லாத்தான் ஓடுச்சு, அப்படியே விட்டுட்டேன். நேத்து நின்னப்போதான் முதல் தடவையா கீழ திருப்புனேன். டேப்ல எழுத்து எல்லாம் தேஞ்சுபோச்சு, எது எதுன்னு தெரியல.

#5 இரண்டாம்_கியர்

பந்தயத்துல ஜெயிச்சாச்சு.

#6 மழைக்கோட்டு

எழுத்து தேஞ்ச டேப்பை நம்பி லாரியைத் தாண்டுனீங்களா! தப்பு உங்க மேல இல்ல, வண்டியைக் குடுத்தவங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.

நிறைய வண்டியில லீவர் கீழ பாத்தா ஆன், படுத்திருந்தா ஆஃப், மேல பாத்தா ரிசர்வ். ஆனா இதை விதியா எடுத்துக்காதீங்க. வண்டிக்கு வண்டி மாறும். இன்னொரு குழப்பமும் இருக்கு: சில லீவர்ல விரலால பிடிக்கிற நீளமான பக்கம்தான் முள். சிலதுல எதிர்ப்பக்கம் சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கும், அதுதான் முள். நான் ஓட்டப் பழகுன வண்டி ரெண்டாவது ரகம். ஒரு வாரம் தலைகீழாப் படிச்சுக்கிட்டிருந்தேன்.

சோதிச்சுத்தான் ஆகணும். அண்ணே, வீட்டுல பண்ற மாதிரி வழி சொல்லுங்க.

#7 எண்ணெய்க்கை

சொல்றேன். இப்ப டேங்க்ல எவ்வளவு இருக்கு தம்பி? ரெண்டு மூணு லிட்டர்னா நல்லதாப் போச்சு, ஃபுல்லா ஊத்திடாதீங்க.

வண்டி நல்லா ஆறட்டும். வெட்டவெளியில சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. பக்கத்துல அடுப்பு, சிகரெட், பூஜை விளக்கு, எதுவும் கூடாது. டேப்பை ஆஃப்ல வச்சு, கார்புரேட்டருக்குப் போற ரப்பர் குழாயை உருவி, பெட்ரோலுக்குன்னே இருக்கிற கேன்ல விடுங்க. தண்ணி பாட்டில் வேண்டாம். இப்ப லீவரைக் கீழ திருப்புங்க. ஒழுகிக்கிட்டே இருந்து, டேங்க்ல இன்னும் பெட்ரோல் ஆடுற சத்தம் கேக்குறப்பவே நின்னுடுச்சுன்னா அதுதான் ஆன். அப்புறம் மேல திருப்புங்க. திரும்பவும் ஒழுக ஆரம்பிச்சா அது ரிசர்வ். அப்படி ரிசர்வ்ல வர்றதைத் தனியாப் பிடிச்சு அளந்துட்டீங்கன்னா உங்க ரிசர்வ் எத்தனை லிட்டர்னும் தெரிஞ்சுடும். ஒரே வேலையில ரெண்டு பதில்.

ரெண்டு நிலையிலயும் ஒரே மட்டம் வரைக்கும் ஒழுகுனா உள்ள இருக்கிற உயரக் குழாய் உடைஞ்சு விழுந்திருக்குன்னு அர்த்தம். பழைய வண்டியில இது நடக்கும். அந்த வண்டிக்கு ரிசர்வே கிடையாது, டேப்பை மாத்தணும். ஆன்ல ஒழுகி ரிசர்வ்ல சொட்டலைன்னா அடி ஓட்டை துருவாலயோ கசடாலயோ அடைச்சிருக்கு.

#8 நெடுஞ்சாலை_நாடோடி

நான் இருபது வருஷமா ரிசர்வ்லயேதான் ஓட்டுறேன். மூணு கார்புரேட்டர் வண்டி மாத்தியாச்சு. பெட்ரோல் ஊத்துறப்போ சைபர் பண்ணிக்கிற ட்ரிப் மீட்டர் இருக்கு, மண்டைக்குள்ள கணக்கு இருக்கு. டேப்பைத் தொடுறதே இல்ல. வேகமாப் போறப்போ நடுரோட்டுல தடவிக்கிட்டு இருக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார்லயும் இதே கூத்துதான், தெரியுமா? 1960-களோட தொடக்கம் வரைக்கும் பெட்ரோல் முள்ளே இல்லாமத்தான் வந்துச்சு. இன்ஜின் திக்குனா காலால ஒரு லீவரைத் தள்ளி ரிசர்வுக்கு மாத்தணும். அப்ப கார் ஓட்டுனவங்களும் நம்ம சாதிதான்.

#9 மழைக்கோட்டு

நாடோடி அண்ணே, இருபது வருஷம் ஓட்டுன உங்களுக்கு அது சரி. ரெண்டு மாசம் ஆன பிள்ளைக்கு அதைச் சொல்லாதீங்க. ட்ரிப் மீட்டரை ஒரு தடவை சைபர் பண்ண மறந்தா மண்டைக் கணக்கு போச்சு. பின்னாடி ஆள் ஏத்திக்கிட்டு எதிர்காத்துல போனா மைலேஜ் இறங்கும், மீட்டருக்கு அது தெரியாது. டேப் ஆன்ல இருந்தா கணக்கு தப்புனாலும் ஒரு எச்சரிக்கை மிச்சம் இருக்கும்.

#10 சோக்_போடு

அதெல்லாம் இருக்கட்டும், ரிசர்வ் போட்டா அடிக் கசடு எல்லாம் கார்புரேட்டருக்கு வந்துடும்னு எங்க மெக்கானிக் சொன்னாரு. அதனால நான் ரிசர்வே தொடுறதில்ல. ஆன்லயே ஊத்தி ஊத்தி ஓட்டுறேன்.

#11 எண்ணெய்க்கை

பாதி உண்மை, அதனாலதான் இந்தப் பேச்சு சாக மாட்டேங்குது.

வண்டி ஓடுறப்போ டேங்க்ல பெட்ரோல் சும்மா நிக்காது, குலுங்கிக்கிட்டே இருக்கும். மெல்லிய தூசி எல்லா மட்டத்துலயும் சுத்தும். அதைத் தடுக்கத்தான் குழாயைச் சுத்தி வலை இருக்கு. நிறைய டேப்ல அடியில கசடு தங்குற ஒரு சின்னக் கிண்ணமும் உண்டு, கழட்டிக் கழுவலாம். நிஜமா அடியில போய் உக்கார்றது தண்ணி. பெட்ரோலை விட அது கனம். மழை பெய்யிறப்போ மூடி வழியா ஒரு சொட்டு, ராத்திரிக் குளிர்ல டேங்க் சுவர்ல வேர்த்து ஒரு சொட்டு. எத்தனால் கலந்த பெட்ரோல்னா கொஞ்சம் தண்ணியைத் தனக்குள்ள கரைச்சுக்கும். அளவு மீறுனா எத்தனாலும் தண்ணியும் சேந்து பிரிஞ்சு அடிக்குப் போயிடும்.

இப்ப யோசிங்க. சோக்_போடு தம்பி ரிசர்வைத் தொடுறதே இல்ல. அப்ப அந்தத் தண்ணி எங்க போகும்? அங்கயே உக்காந்து டேங்க் அடியைத் துருப்பிடிக்க வைக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி வேற வழியில்லாம ரிசர்வ் திருப்புவாரு. துருவும் தண்ணியும் மொத்தமா இறங்கும். "பாத்தியா, ரிசர்வ் போட்டேன், கார்புரேட்டர் அடைச்சுடுச்சு"ன்னு சொல்லுவாரு. மாசம் ஒரு தடவை ரிசர்வ்ல கொஞ்ச தூரம் ஓட்டுனா சேரச் சேரக் கழிஞ்சு போயிடும். லீவரும் இறுகிப்போகாது. தொடாமலே விட்ட டேப் தேவைப்படுற அன்னிக்குத் திரும்பாது. குறடு போட்டுத் திருகி லீவரையே உடைச்சவங்களை நான் பாத்திருக்கேன்.

#12 சோக்_போடு

சரிண்ணே, இந்த மாசம் திருப்பிப் பாக்குறேன். திரும்பலைன்னா இங்கதான் வருவேன்.

இன்னொண்ணு. நிறுத்துறப்போ ஆஃப் பண்ணணும்னு சொல்றாங்களே, நான் பண்ணுனதே இல்ல. ஒண்ணும் ஆகல.

#13 இரண்டாம்_கியர்

எனக்கு ஆச்சு. பத்து நாள் வண்டியை எடுக்கல, டேப் ஆன்லயே இருந்துச்சு. வந்து பாத்தா கராஜ் முழுக்க பெட்ரோல் வாடை. ஆயில் குச்சியை எடுத்துப் பாத்தா ஆயில் மட்டம் ஏறியிருக்கு, மோந்து பாத்தா பெட்ரோல். கார்புரேட்டர்ல வரத்தை அடைக்கிற ஊசியில ஏதோ தூசி மாட்டி, பெட்ரோல் நிக்காம இறங்கி சிலிண்டர் வழியா ஆயில்ல கலந்திருக்கு. நல்லவேளை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கல. ஆயில் முழுசும் மாத்துனேன்.

அதுலேருந்து ராத்திரி ஆஃப். அதுக்கும் ஒரு விலை இருக்கு: காலையில ஆன் பண்ண மறந்துட்டா கிண்ணத்துல இருக்கிற பெட்ரோல்ல ஜம்முனு கிளம்பி, சரியா முதல் சிக்னல்ல நிக்கும். பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறப்போ எது கோளாறுன்னே தோணாது.

#14 சன்னல்_சீட்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். என் வண்டி ஃபியூயல் இன்ஜெக்ஷன். டேப்பே காணோம். எனக்கு ரிசர்வ் இல்லையா?

#15 இரண்டாம்_கியர்

இல்ல. டேங்குக்குள்ளயே மின்சார பம்ப் இருக்கு, சாவி போட்டதும் "ஙீ"ன்னு ஒரு சத்தம் கேக்குமே, அதுதான். உங்களுக்கு மணிக்குப் பதிலா லைட் எரியும். அதைப் பாத்தும் பாக்காத மாதிரி ஓட்டாதீங்க, அந்த பம்பைக் குளுமையா வச்சிருக்கிறதே சுத்தி இருக்கிற பெட்ரோல்தான்.

#16 வேக்குவம்_வீரன்

எல்லாரும் ஆஃப், ஆஃப்னு பேசுறீங்க. என் டேப்ல ஆன், ரிசர்வ், பிரைம்னு மூணுதான் இருக்கு. இதுக்கு ஆஃப் தேவையில்ல. இன்ஜின் சுத்துறப்போ உண்டாகுற உறிஞ்சுவிசைதான் டேப்பைத் திறக்கும், இன்ஜின் நின்னா தானா மூடிக்கும். அதனால அண்ணன் சொன்ன ஒழுகவிடுற சோதனை இந்த ரக டேப்ல நடக்காது, ஆன்லயும் ரிசர்வ்லயும் சொட்டு வராது. புதுசாப் பாக்குறவங்க டேப் அடைச்சிருச்சுன்னு பயந்துடுவாங்க. பிரைம்ல மட்டும் சும்மா நிக்கிறப்பவும் ஒழுகும். கார்புரேட்டர் காஞ்சு கிடக்கிறப்போ நிறைக்கிறதுக்குத்தான் அது. நிறைஞ்சதும் ஆனுக்கு மாத்திடணும். பிரைம்லயே விட்டுட்டுத் தூங்குனா #13-ல வந்த கதைதான்.

#17 புதுச்சக்கரம்

அண்ணே, சோதிச்சுட்டேன்! கீழ திருப்புனேன், ஒழுகி நின்னுடுச்சு, டேங்க்ல சத்தம் கேக்குது. மேல திருப்புனேன், திரும்ப ஒழுகுச்சு. ரிசர்வ்ல வந்தது 1.3 லிட்டர். ஆக ரெண்டு மாசமா மேல வச்சு, அதாவது ரிசர்வ்ல, ஓட்டியிருக்கேன். நேத்து நின்னதும் "ரிசர்வ்"னு நெனச்சு ஆனுக்கு மாத்தி உதைச்சிருக்கேன். காலியான டேங்க்ல மேல் குழாய்க்கு எங்கேருந்து பெட்ரோல் வரும்!

இரண்டாம்_கியர் ப்ரோ, பந்தயப் பணத்தை எங்க அனுப்ப?

இனி ஆன்லதான் ஓட்டப்போறேன். ஆனா எப்படியும் ஒரு நாள் ஓடுறப்போ நிக்கத்தானே போகுது? அந்த நேரத்துல என்ன பண்ணணும்? லாரி நினைப்பு இன்னும் போகல.

#18 மழைக்கோட்டு

இதுதான் நீங்க முதல்ல கேட்டிருக்க வேண்டியது தம்பி. கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

இன்னிக்கே வண்டி நிக்கிறப்போ மேல உக்காந்து, நேராப் பாத்துக்கிட்டே இடது கையால டேப்பைத் தேடுங்க. குனியக் கூடாது. கிளவுஸ் போடுவீங்கன்னா கிளவுஸோட தேடுங்க. ஆன்ல இருந்து ரிசர்வுக்குப் போற வழியில ஆஃப் இருக்கு, பாதியில விட்டா மொத்தமா அடைச்சுடும். முட்டி நிக்கிற வரைக்கும் திருப்பணும். கை தவறுனா இன்ஜின் சுடும், அதையும் நினைப்புல வைங்க. தினம் பத்துத் தடவைன்னு ஒரு வாரம் பண்ணுனா கைக்கே வழி தெரிஞ்சுடும்.

ரோட்டுல முதல் அறிகுறி யாரோ பின்னாடி கேரியரைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கும். நின்னுபோறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் குடுக்கும். நேர் ரோடு, முன்னும் பின்னும் வண்டி இல்லைன்னா கியரைத் தொடாதீங்க. வண்டி உருள்ற வேகத்துல இன்ஜின் சுத்திக்கிட்டே இருக்கும். ஆக்ஸிலேட்டரை லேசா விட்டு டேப்பைத் திருப்புனா சில விநாடியில தானா பிடிச்சுக்கும். கிக்கர், செல்ஃப் எதுவும் வேண்டாம்.

ஆனா கவனிங்க, இடது கை டேப்ல இருக்கிறப்போ உங்களுக்கு கிளட்ச் கிடையாது. ஒத்தைக் கையில ஹேண்டில். புதுசா ஓட்டுறவங்களுக்கு டிராஃபிக்ல இது வேண்டவே வேண்டாம். கிளட்சைப் பிடிங்க, இண்டிகேட்டர் போடுங்க, உருண்டே ஓரத்துக்கு வந்து நின்னு, அப்புறம் திருப்புங்க. யாரும் பரிசு குடுக்கப் போறதில்ல.

ஓவர்டேக் விஷயம் தனி. ட்ரிப் மீட்டர் மணி அடிக்கிற தூரத்தை நெருங்கிட்டா அந்த டேங்குக்கு ஓவர்டேக் பண்றதை விட்டுடுங்க, லாரிக்குப் பின்னாடியே போங்க. இல்லைன்னா முன்கூட்டியே ஓரங்கட்டி ரிசர்வுக்கு மாத்தி, நேரா பங்க்குக்கு விடுங்க. மேடு ஏறுறப்பவோ இறக்கத்துல போறப்பவோ எதிர்பார்க்கிறதுக்கு முன்னாடியே அடிக்கலாம், டேங்க்ல பெட்ரோல் டேப்பை விட்டு ஒரு பக்கமா சாயலாம்கிறதால.

#19 நெடுஞ்சாலை_நாடோடி

அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளுங்க தம்பி. நான் சொன்னது என் வயசுக்கு. பங்க்ல மூடியைப் பூட்டுன கையோட டேப்பை ஆனுக்குத் திருப்பிட்டுத்தான் பர்ஸை எடுக்கணும். பர்ஸ் முதல்ல வெளிய வந்துட்டா டேப் மறந்துபோகும். நான் எப்பவும் ரிசர்வ்லயே ஓட்ட ஆரம்பிச்சதுக்குக் காரணமே அப்படி நாலஞ்சு தடவை மறந்ததுதான், ஒத்துக்கிறேன்.

#20 எண்ணெய்க்கை

இன்னும் ரெண்டு விஷயம், என்னிக்காவது உதவும்.

ரிசர்வும் தீந்துபோய் நின்னா உடனே தள்ள ஆரம்பிக்காதீங்க. டேங்க் நடுவுல சட்டத்துக்கு மேல குதிரைச் சேணம் மாதிரி உக்காந்திருக்கும், ரெண்டு பக்கமும் தொங்கும். டேப் ஒரு பக்கம்தான். அந்தப் பக்கம் தீந்தாலும் மறுபக்கத் தொங்கல்ல கொஞ்சம் சிக்கி நிக்கும். டேப் இருக்கிற பக்கமா வண்டியை நல்லாச் சாய்ச்சு நிமிர்த்துனா அது இந்தப் பக்கம் வந்து விழும். ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்குத் தாங்கலாம். அந்த ரெண்டு கிலோமீட்டரை நீங்க தள்ளியிருக்க வேண்டியிருந்திருக்காது தம்பி.

இன்னொண்ணு, ரிசர்வ் போட்டும் கிளம்பலைன்னா எல்லாமே பெட்ரோல் தீந்த கதை இல்ல. டேங்க் மூடியில காத்து போக ஒரு மெல்லிய வழி இருக்கும். அது அடைச்சா டேங்க்ல பெட்ரோல் இருந்தும் கீழ இறங்காது, அதே மாதிரி திக்கும். மூடியைத் திறங்க. "உஸ்"ஸுனு காத்தை இழுத்து வண்டி கிளம்புனா மூடியைத்தான் சுத்தம் பண்ணணும். அதுக்கும் முன்னாடி, வலது கைப்பக்கம் இருக்கிற, இன்ஜினை நிறுத்துற சிவப்பு ஸ்விட்ச் தவறி அமுங்கியிருக்கான்னு பாருங்க. இதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு, ஏன்னா நான் ஒரு தடவை அதைப் பாக்காம ஸ்பார்க் பிளக்கையே கழட்டிட்டேன்.

#21 புதுச்சக்கரம்

மூணு வாரம் கழிச்சு வரேன். டேப்ல வெள்ளைப் பெயின்ட்டால மூணு எழுத்தும் எழுதிட்டேன். முதல் தடவையா ஒழுங்கா ரிசர்வ் அடிச்சுது. டேங்க் ஃபுல் பண்ணி 399 கிலோமீட்டர்ல குலுங்குச்சு, ஓரங்கட்டித் திருப்புனேன், அஞ்சு விநாடி, கிளம்பிடுச்சு. 405-ல பங்க். ஊத்துனது 8.4 லிட்டர், லிட்டருக்கு 48 வருது. ஆனா டேங்க் 10 லிட்டர்னு புத்தகத்துல இருக்கு. 10-ல 8.4 போனா 1.6. வர்ற வழியில செலவானதையும் சேத்தா ரிசர்வ் 1.7 இருக்கணும். நான் ஒழுகவிட்டு அளந்தது 1.3. எதை நம்புறது?

#22 எண்ணெய்க்கை

1.3. கழிச்சுப் பாத்து வர்ற கணக்குல மறுபக்கத் தொங்கல்ல சிக்குனதும் சேந்து வருது, அது டேப்புக்கு வராது. பங்க்ல பெட்ரோல் ஊத்துற துப்பாக்கி தானா நின்னதும் எடுத்துட்டா கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்காது, அதுவும் கணக்கைக் கூட்டிக் காட்டும். 1.3-ஐ 48-ஆல பெருக்குனா 62 கிலோமீட்டர். நீங்க 40-னு வச்சுக்குங்க.

ஊத்துறப்போ வண்டி சைடு ஸ்டாண்ட்லயா, சென்டர் ஸ்டாண்ட்லயா?

#23 புதுச்சக்கரம்

சைடு.

#24 எண்ணெய்க்கை

சாய்ஞ்சு நின்னா டேங்க் முழுசா நிறையாது. அடுத்த தடவை சென்டர்ல போட்டு ஊத்திட்டு வாங்க, பேசலாம்.